ட்ரில் மெசின் பற்றரியில் எரியும் வேலை லைட்: வாங்குவது முதல் கழற்றி வைப்பது வரை

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வயரிங், தண்ணீர்ப் பம்ப், கூரை வேலைகளுக்குப் போகிறவர்களின் பையில் கம்பியில்லா ட்ரில் மெசின் இப்போது சாதாரணப் பொருள். அதே பற்றரியைப் பூட்டி எரிக்கக்கூடிய லைட் ஒன்றையும் பலர் வாங்குகிறார்கள். சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. லைட் நன்றாக எரியும். மறுநாள் காலையில் ட்ரில்லுக்குப் பற்றரி இருக்காது. சிலருக்குப் பற்றரியே போய்விடும்.

ஒரு விடயத்தை முதலிலேயே மனதில் வைத்தால் மற்றதெல்லாம் விளங்கும். பற்றரிக்கு ட்ரில்லைவிட லைட்தான் ஆபத்தானது. ட்ரில் அதிக மின்னோட்டத்தை ஒரே நேரத்தில் இழுக்கும். பற்றரி இறங்கினால் அது திணறி நின்றுவிடும், கையிலேயே தெரிந்துவிடும். லைட் மிகக் குறைவாக, மணிக்கணக்காக இழுக்கிறது. பல லைட்டுகளில் பற்றரி இறங்கினாலும் வெளிச்சம் கடைசிவரை குறையாது. எப்போது நிறுத்த வேண்டும் என்பதை எதுவும் சொல்லாது. கீழே வரும் ஒழுங்கு பெரும்பாலும் இந்த ஒரு காரணத்துக்காகவே.

1. லைட்டைத் தேடுமுன் பற்றரியைப் பாருங்கள்

கையில் இருக்கும் பற்றரி எந்த நிறுவனத்தினது, எந்த வரிசையைச் சேர்ந்தது என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். 18 வோல்ட் என்று எழுதியிருப்பதெல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தாது. மக்கிட்டாவின் 12 வோல்ட் பற்றரி அதே நிறுவனத்தின் 18 வோல்ட் லைட்டில் ஏறாது. பொஷ் நிறுவனத்தின் பச்சை நிற வீட்டுப் பாவனைப் பற்றரியும் நீல நிறத் தொழில் பற்றரியும் இரண்டுமே 18 வோல்ட்தான். ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றது பூட்டாது.

18 வோல்ட்டா 20 வோல்ட்டா என்ற குழப்பமும் உண்டு. இரண்டுக்குள்ளும் பெரும்பாலும் ஐந்து லிதியம் செல்கள் தொடராக இருக்கின்றன. ஒரு செல்லின் பெயரளவு அழுத்தம் 3.6 வோல்ட், ஐந்துக்கு 18. முழுதாக ஏற்றினால் ஒரு செல் 4.2 வரை போகும், ஐந்துக்கு 21. சார்ஜ் ஏறிய நிலையை வைத்து 20 என்று எழுதுகிறார்கள். எனவே 20 வோல்ட் லைட் கூடுதலாக எரியும் என்று நம்பிக் காசைக் கூட்டிக் கொடுக்க வேண்டாம்.

வேறு நிறுவனத்தின் பற்றரியை மாட்டுவதற்கான அடாப்டர்கள் மலிவாகக் கிடைக்கின்றன. நான் பரிந்துரைப்பதில்லை. பற்றரிக்கும் கருவிக்கும் இடையே இரண்டு பெரிய தகடுகள் மட்டும் இருப்பதில்லை. வெப்பத்தையும் இறக்கத்தையும் அறிவிக்கும் சிறிய முனைகளும் பலவற்றில் உண்டு. மலிவான அடாப்டர் அவற்றை இணைப்பதில்லை. பற்றரி “போதும், நிறுத்து” என்று சொன்னாலும் லைட்டுக்குக் கேட்காது.

2. கடைக்குப் பற்றரியோடு போங்கள்

ஹாட்வெயார் கடைக்கு வெறுங்கையோடு போய், படத்தைப் பார்த்து வாங்குவது முதல் பிழை. உங்கள் பற்றரியைக் கொண்டுபோய் அங்கேயே பூட்டிப் பாருங்கள். “க்ளிக்” என்ற சத்தம் வரவேண்டும். பிறகு பொத்தானை அழுத்தாமல் வெளியே இழுத்துப் பாருங்கள். சிறிதளவு ஆடினாலும் அதை வாங்க வேண்டாம். மோட்டார் சைக்கிளில் கிரவல் பாதையில் கொண்டுபோகும் பொருள் இது. ஆடும் பற்றரியின் தகடு விரைவில் கருகும்.

அடுத்தது, கைபேசியின் கமராவை லைட்டுக்கு நேரே பிடித்துத் திரையைப் பாருங்கள். வெளிச்சத்தைக் குறைந்த நிலையிலும் வைத்துப் பாருங்கள். திரையில் கறுப்புக் கோடுகள் தடிப்பாக ஓடினால் லைட் மிக வேகமாக அணைந்து எரிகிறது என்று பொருள். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் சுழலும் பம்ப் பெல்ட் சக்கரமோ கிரைண்டர் தகடோ அந்த ஒளியில் மெதுவாகச் சுற்றுவது போல, சில நேரம் நின்றுவிட்டது போலக்கூடத் தோன்றும். கை வைக்கும் தொழிலுக்கு அந்த லைட் வேண்டாம்.

கைப்பிடி டோர்ச்சா, பரந்த ஒளி தரும் தட்டையான லைட்டா என்று கேட்பார்கள். டோர்ச்சின் ஒளி ஒடுங்கித் தூரம் போகும். வயல் வரம்பில் நடக்க, கிணற்றின் அடியைப் பார்க்க நல்லது. தட்டை லைட் பத்தடிக்குள் எல்லாவற்றையும் சமமாகக் காட்டும். இரண்டு கையாலும் செய்யும் வேலைக்கு அதுதான். ஒன்றுதான் வாங்கலாம் என்றால் கொக்கியும் திரும்பும் தலையும் உள்ள தட்டை லைட்டை வாங்குங்கள். (ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் இந்த லைட்டை யானைக்கு அடித்துப் பார்க்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. வேலை லைட்டின் ஒளி யானை நிற்கும் தூரத்துக்குப் போகாது. நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதை மட்டும் யானைக்குக் காட்டும்.)

3. முதல் நாள், பகலில்: தானாக அணைகிறதா என்ற சோதனை

புதிய லைட்டை நேரே வேலைக்குக் கொண்டுபோகாதீர்கள். பற்றரி குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கியதும் லைட் தானாக அணைகிறதா என்று முதலில் தெரிய வேண்டும். பல வகைகளில் இந்தப் பாதுகாப்பு பற்றரிக்குள் இருப்பதில்லை, கருவிதான் செய்கிறது. நிறுவனத்தின் சொந்த லைட்டில் அநேகமாக இருக்கும். அதே வடிவில் செய்து விற்கப்படும் மலிவு லைட்டுகள் பலவற்றில் இருக்காது.

உங்களிடம் உள்ளதில் பழைய பற்றரியைப் பூட்டி, பகலில், பக்கத்தில் இருந்தபடி எரிய விடுங்கள். வெளிச்சம் குறையத் தொடங்கும்போது, அல்லது பற்றரியில் உள்ள காட்டி விளக்கு கடைசி ஒன்றுக்கு வந்த பிறகு சிறிது சிறிது நேரத்துக்கு ஒருமுறை கழற்றி, மல்டிமீட்டரால் பெரிய இரண்டு தகடுகளையும் அளவுங்கள். மீட்டர் முனைகள் ஒன்றையொன்று தொடக் கூடாது. தொட்டால் தீப்பொறி பறக்கும்.

18 வோல்ட் பற்றரியில் 15 வோல்ட் என்றால் செல் ஒன்றுக்கு 3. நிறுத்த வேண்டிய இடம் அதுதான். நல்ல லைட் 15க்கும் 12.5க்கும் இடையில் எங்காவது தானாக அணையும். 12.5க்குக் கீழே வந்தும் எரிந்துகொண்டிருந்தால் சோதனையை அங்கேயே நிறுத்தி, உடனே சார்ஜில் போடுங்கள். அந்த லைட்டில் பாதுகாப்பு இல்லை. அதற்காக வீச வேண்டியதில்லை. லைட்டின் மேலேயே “தானாக அணையாது” என்று பெயின்ரால் எழுதிவிட்டு, நேரம் பார்த்து மட்டும் பாவியுங்கள்.

மீட்டர் இல்லாதவர்கள் வயரிங் வேலை செய்யும் யாரிடமாவது கேட்டு இந்தச் சோதனையைச் செய்துவிடுவது நல்லது. ஒரு முறை செய்தால் போதும்.

4. லைட்டுக்கென்று ஒரு பற்றரி

இரண்டு பற்றரி வைத்திருப்பவர் இரண்டையும் மாற்றி மாற்றி இரண்டு கருவிக்கும் போடுவார். நியாயமாகத்தான் தெரியும். பலன் என்னவென்றால், இருட்டிய பிறகு இரண்டுமே அரை குறையாக இருக்கும். கூரைக்கு மேலே நிற்கும்போது எது முதலில் முடியும் என்று தெரியாது.

ஒவ்வொன்றிலும் அழியாத மையால் எண் போட்டு, ஒன்றை லைட்டுக்கென்று ஒதுக்குங்கள். பழையதை ஒதுக்குவதே சரி. ட்ரில்லும் கிரைண்டரும் இழுக்கும் பெரிய மின்னோட்டத்தைத் தாங்க முடியாத பற்றரிகூட லைட்டுக்குத் தாராளமாகப் போதும். புதியதும் பலமானதும் மெசின்களுக்கு.

5. எத்தனை மணி நேரம் எரியும்

வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் வாட்-மணி வரும். 18 வோல்ட், 2 ஆம்பியர்-மணி பற்றரியில் 36. அதில் சிறு பகுதி வெப்பமாகப் போகும். வயது போன பற்றரியில் இன்னும் குறையும். ஆகவே 30 என்று கணக்கு வையுங்கள். 4 ஆம்பியர்-மணிக்கு 60. 5க்கு 75.

அந்த எண்ணை லைட்டின் வாட்டால் வகுத்தால் மணி நேரம். 10 வாட் லைட் சிறிய பற்றரியில் 3 மணி, 4 ஆம்பியர்-மணியில் 6 மணி. பெட்டியில் வாட் இல்லாமல் லூமன் மட்டும் இருந்தால், நூறால் வகுத்துத் தோராயமாக வாட் எடுக்கலாம். 1000 லூமன் என்றால் 10 வாட் அளவு.

இந்தக் கணக்கை வேலைக்குப் புறப்படுமுன் போட வேண்டும். மாலை ஆறரைக்குப் பிறகு எவ்வளவு நேரம் வேலை என்று பார்த்து, அதன்மேல் ஒரு மணி நேரம் கூட்டுங்கள். கருவிகளைப் பொறுக்கி அடுக்கவும் வெளிச்சம் வேண்டும். அதை மறந்தவர்கள்தான் திருகாணிகளையும் ட்ரில் பிட்களையும் புல்லுக்குள் விட்டுவிட்டு வருவார்கள்.

6. சார்ஜ் ஏற்றும் ஒழுங்கு

வேலை முடிந்து கொதிக்கும் பற்றரியை உடனே சார்ஜரில் போடுவது வழக்கமாகிவிட்டது. அரை மணி நேரமாவது நிழலில் ஆற விடுங்கள். லிதியம் செல்லுக்குச் சூட்டில் சார்ஜ் ஏற்றுவது வயதைக் குறைக்கும். ஏறத்தாழ 40, 45 பாகை செல்சியஸுக்கு மேல் நல்ல சார்ஜர்கள் ஏற்ற மறுத்து, விளக்கை மினுக்கி ஆறும்வரை காத்திருக்கும். இதைப் பழுது என்று நினைத்துப் பற்றரியைத் திரும்பத் திரும்பக் கழற்றிப் பூட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். விட்டுவிடுங்கள், ஆறியதும் தானே ஏற்றும்.

பங்குனி, சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் பகலில் சார்ஜ் ஏற்றுவதைத் தவிர்த்து, இரவிலோ விடியற்காலையிலோ ஏற்றலாம். சார்ஜரைச் சீமெந்துத் தரையில் வையுங்கள். மெத்தை, உரப்பை, துணி மேல் வைத்தால் கீழே உள்ள காற்றுத் துளைகள் மூடிவிடும்.

மின்சாரம் இல்லாத இடத்தில் ஜெனரேட்டரில் ஏற்றுவதானால் இந்த வரிசை: முதலில் ஜெனரேட்டரைத் தனியாக இயக்கி, சத்தம் ஒரே சீராக வரும்வரை விடுங்கள். பிறகு சார்ஜரைச் செருகுங்கள். கடைசியாகப் பற்றரி. நிறுத்தும்போது தலைகீழாக: பற்றரி, சார்ஜர், பிறகு எஞ்சின். எஞ்சின் எழும்பும்போதும் எண்ணெய் முடிந்து இருமும்போதும் மின் அழுத்தம் ஏறி இறங்கும். சார்ஜர்கள் அப்போதுதான் எரிகின்றன. அதே ஜெனரேட்டரில் வெல்டிங் நடந்துகொண்டிருந்தால் சார்ஜரைச் செருகவே வேண்டாம்.

சோலாரில் ஏற்றுவோர் இன்வெர்ட்டரைக் கவனியுங்கள். மலிவான இன்வெர்ட்டர் தரும் மின்சாரத்தின் அலை சீராக இருக்காது. சார்ஜர் வழக்கத்துக்கு மாறாக ரீங்கரித்தாலோ கை வைக்க முடியாமல் சுட்டாலோ கழற்றிவிடுங்கள். இன்னொரு கணக்கும் உண்டு. 4 ஆம்பியர்-மணிப் பற்றரி ஒன்றை நிரப்ப, இழப்போடு சேர்த்து ஏறக்குறைய 90 வாட்-மணி போகும். 12 வோல்ட் சோலார் பற்றரியிலிருந்து அது 7.5 ஆம்பியர்-மணி. சிறிய சோலார் வைத்திருக்கும் வீட்டில் இரவில் இப்படி எடுத்தால் வீட்டுக்காரர் இருட்டில் இருப்பார். கேட்டுவிட்டு, வெயில் நேரத்தில் ஏற்றுங்கள்.

மழைக்காலத்தில் கரண்ட் போய்ப் போய் வரும். போனதும் சார்ஜரைக் கழற்றி, வந்து சில நிமிடங்கள் கழித்துச் செருகுவது நல்லது.

முழுதாக இறக்கிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும் என்பது பழைய நிக்கல்-காட்மியம் பற்றரிகளுக்கான பழக்கம். லிதியத்துக்கு அது கெடுதல். பாதியில் இருக்கும்போதே ஏற்றலாம்.

7. வேலைத்தலத்தில், இருட்டுவதற்கு முன்

வெளிச்சம் இருக்கும்போதே லைட்டைப் பூட்டி, தொங்கவிட்டு, எரித்துப் பாருங்கள். கொக்கி மாட்ட இடம் தேடுவது, கயிறு கட்டுவது எல்லாம் பகலில் ஐந்து நிமிட வேலை. இருட்டில் ஒரு கையில் கைபேசியைப் பிடித்தபடி செய்தால் அரை மணி நேரம்.

பூட்டுமுன் பற்றரியின் தகடுகளையும் லைட்டின் வாயையும் காய்ந்த தூரிகையால் துடையுங்கள். வன்னிச் செம்மண் தூசியும் கிரவல் தூசியும் இடுக்குகளில் நன்றாகப் படியும். படிந்த இடத்தில் தொடுகை குறைந்து சூடேறும். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் போகும்.

வயரிங் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. மெயின் சுவிட்சை அணைக்குமுன் இந்த லைட் எரிந்துகொண்டிருக்க வேண்டும். அணைத்த பிறகு லைட்டைத் தேடினால், “ஒரு நிமிடம் போடு, பார்த்துவிட்டு அணைக்கலாம்” என்று யாரோ ஒருவர் சுவிட்சைப் போடுவார். அந்த ஒரு நிமிடத்தில்தான் அடிக்கும். லைட்டை எரியுங்கள்; டெஸ்டர் வேலை செய்கிறதா என்று உயிருள்ள பிளக்கில் பாருங்கள்; மெயினை அணையுங்கள்; வேலை செய்யும் கம்பியில் டெஸ்டரை மீண்டும் வையுங்கள். இந்த நான்கும் இதே வரிசையில்.

8. லைட்டை எங்கே வைப்பது

அதிகம் தடுமாறும் இடம் இதுதான். வெளிச்சம் போதவில்லை என்று பெரிய லைட் வாங்குகிறார்கள். உண்மையில் பெரும்பாலும் இடம்தான் பிழை.

முதுகுக்குப் பின்னால் வைத்தால் உங்கள் நிழலிலேயே நீங்கள் வேலை செய்வீர்கள். வலக்கையால் வேலை செய்பவருக்கு லைட் இடப்பக்கம், தோளுக்குச் சற்று மேலே, சிறிது முன்னால் இருக்க வேண்டும். அப்போது கையின் நிழல் வேலைக்கு வெளியே விழும். இடக்கைக்காரருக்கு மறுபக்கம்.

ஏணியில் கொழுவாதீர்கள். ஒவ்வொரு அசைவுக்கும் நிழல் ஆடும். ஏணியை நகர்த்தும்போது லைட் விழும். கூரைக் கைமரத்தில் தொங்கவிடுங்கள். பத்துச் செல் கொண்ட 4, 5 ஆம்பியர்-மணிப் பற்றரி அரைக் கிலோவுக்கு மேல் பாரம். தலைக்கு மேலே தொங்குவது என்றால் சிறிய பற்றரியைப் பூட்டி, கொக்கியோடு கூட ஒரு கயிற்றாலும் கட்டுங்கள். காந்தம் உள்ள லைட் தூசி படிந்த இரும்பிலும் தடித்த பெயின்ரிலும் மெல்ல மெல்ல வழுக்கும். ஒட்டிய உடனே பிடிப்பாகத்தான் இருக்கும், அதை நம்பாதீர்கள்.

சீலிங் இல்லாத ஓட்டுக் கூரை வீட்டில் வெளிச்சம் மேலே போய்த் தொலைந்துவிடும். வெள்ளை உரப்பை ஒன்றைக் கிழித்து லைட்டுக்குப் பின்னும் மேலும் விரித்துக் கட்டிப் பாருங்கள். ஒளி திரும்பி விழும், நிழலும் மென்மையாகும். சுவர் வெள்ளையாக இருந்தால் லைட்டைச் சுவரை நோக்கித் திருப்பினாலே போதும். இரண்டு மூன்று பேர் வேலை செய்யும் இடத்தில் யாருடைய கண்ணிலும் நேரே அடிக்காது. நேரே பார்த்த கண் மீண்டும் இருட்டுக்கு முழுதாகப் பழக 20 நிமிடத்துக்கு மேல் எடுக்கும். ஏணியிலிருந்து இறங்கி இருட்டுக்குள் நடக்கிறவருக்கு அது சின்ன விடயமில்லை.

மேசனுக்கு இதன் எதிர்மாறு வேண்டும். பூச்சுப் பார்க்கும்போது லைட்டைச் சுவரோடு ஒட்ட வைத்து, ஒளி சுவரை உரசிக்கொண்டு போகும்படி திருப்புங்கள். நேரே அடித்தால் மட்டமாகத் தெரிகிற சுவரில் எல்லா மேடு பள்ளமும் நிழலோடு எழும்பும். வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்கும்போது இதைச் செய்வதா என்பது உங்கள் விருப்பம்.

அதே காரணத்துக்காகத்தான் வரம்பில் நடக்கும்போது டோர்ச்சைத் தலையளவில் பிடிக்காமல் இடுப்புக்குக் கீழே பிடிக்கச் சொல்கிறேன். தாழ்வான ஒளியில் தரையில் கிடக்கும் சிறிய தடியும் நீண்ட நிழல் காட்டும். காய்ந்த இலைகளுக்குள் சுருண்டு கிடக்கும் புடையன் பாம்பை மேலிருந்து அடிக்கும் ஒளியில் கண்டுபிடிப்பது கடினம். பம்ப் கொட்டிலுக்குள் கையை விடுமுன்னும் இப்படித்தான்: லைட்டைத் தரையில் வைத்து மூலைகளைப் பாருங்கள், பிறகு கை.

வெளிச்சத்தை உச்ச நிலையில் வைக்கும் பழக்கத்தையும் விடுங்கள். கைக்கெட்டும் தூர வேலைக்குப் பாதி போதும். கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. பற்றரி இரட்டிப்பு நேரம் வரும்.

9. ஒளியின் நிறம்

நீலம் கலந்த வெள்ளை ஒளி, 6000, 6500 கெல்வின் என்று எழுதியிருப்பது, கண்ணுக்குப் பிரகாசமாகத் தெரியும். ஆனால் வயர் நிறங்களைப் பிரித்தறிய, நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதைச் சொல்லும் சுட்டெண் (பெட்டியில் CRI) 90 அளவில் உள்ள லைட் நல்லது. 80க்குக் குறைந்தால் சந்தேகம். பழைய வயரிங்கில் சிவப்பு உயிர்க்கம்பி, கறுப்பு நடுநிலை, பச்சை புவி. புதியதில் கபிலம், நீலம், பச்சை-மஞ்சள். இரண்டும் கலந்த வீடுகளும் உண்டு. தூசி படிந்த கபிலமும் கறுப்பும் மலிவு லைட்டில் ஒன்றாகத் தெரியும். லைட்டை மட்டும் நம்பாமல், நுனியைத் துடைத்து டெஸ்டரால் உறுதி செய்யுங்கள்.

முதல் மழைக்குப் பிறகு ஈசலும் பூச்சியும் வந்து மொய்க்கும். மஞ்சள் சார்ந்த ஒளிக்கு வருவது குறைவு. வெள்ளை லைட்தான் இருக்கிறது என்றால், அதை முகத்துக்கு எட்டத்தில், தாழ்வாக வையுங்கள். இன்னொரு பழைய டோர்ச்சை இருபதடி தள்ளி எரிய விட்டால் ஒரு பங்கு அங்கே போகும்.

10. கிணறு, பெற்றோல், மழை

கிணற்றுக்குள் இறங்குமுன் அரிக்கன் லாம்பைக் கயிற்றில் இறக்கிப் பார்ப்பது பழைய வழக்கம். உள்ளே பிராணவாயு குறைவாக இருந்தால் சுடர் மங்கி அணையும். எல்இடி லைட் எந்தக் காற்றிலும் எரியும். அடியில் வெளிச்சம் பளிச்சென்று தெரிவதைக் கண்டு இறங்கிவிடாதீர்கள். அதைவிட ஆபத்து, கிணற்றுக்குள் பம்ப் எஞ்சினை வைத்து ஓட்டுவது. அந்தப் புகையில் உள்ள நச்சு வாயுவை லாம்புச் சுடரும் காட்டாது. எஞ்சின் ஓடிய கிணற்றுக்குள் காற்றோட்டம் செய்யாமல் இறங்க வேண்டாம். இறங்குபவரின் இடுப்பில் கயிறும், மேலே ஆளும் இருக்க வேண்டும்.

பம்புக்கோ ஜெனரேட்டருக்கோ பெற்றோல் ஊற்றும்போது பற்றரியைக் கழற்றிப் பூட்டாதீர்கள். எரியும் லைட்டின் பற்றரியை இழுத்தால் தகடுகளுக்கிடையே சிறு பொறி தோன்றலாம். லைட்டைத் தள்ளி வைத்து, எரித்துவிட்டு, பிறகு மூடியைத் திறவுங்கள்.

ஐபி65 என்று எழுதியிருந்தால் தூசியையும் தண்ணீர்ப் பீச்சலையும் லைட் தாங்கும் என்று பொருள். ஆனால் பற்றரி பூட்டும் வாய் அநேகமாகத் திறந்தே இருக்கிறது. மாரி மழையில் வெளியே வேலை என்றால், தறப்பாள் துண்டால் மேலே கூரைபோல் கட்டுங்கள். லைட்டைச் சுற்றிப் பொலித்தீனால் இறுக்கிக் கட்டாதீர்கள். பின்னாலுள்ள உலோகத் தகடுதான் வெப்பத்தை வெளியே விடுகிறது. மூடினால் உள்ளே வெந்துபோகும்.

11. இடையில் அணைந்தால்

முதலில் இருக்கும் இடத்தில் அசையாமல் நில்லுங்கள். கைபேசி வெளிச்சத்தில் இறங்குங்கள். பிறகு இந்த வரிசையில் பாருங்கள்.

பற்றரியின் காட்டி விளக்கு எத்தனை? ஒன்று மினுக்கினால் இறங்கிவிட்டது, விடயம் முடிந்தது. அதே பற்றரியைக் கழற்றிப் பூட்டினால் சில லைட்டுகள் மீண்டும் சிறிது நேரம் எரியும். அந்தச் சில நிமிடங்களுக்காகப் பற்றரியைக் கொல்ல வேண்டாம். காட்டி நிறைய இருந்தும் எரியாவிட்டால், தொட்டுப் பாருங்கள்: சுட்டால் வெப்பப் பாதுகாப்பு வேலை செய்திருக்கலாம், ஆற விடுங்கள். குளிர்ந்தே இருந்தால் தகடுகளைத் துடைத்து மீண்டும் பூட்டுங்கள். அதுவும் இல்லையென்றால் அதே பற்றரியை ட்ரில்லில் போடுங்கள். ட்ரில் ஓடினால் பழுது லைட்டில்.

“அண்ணை, இரவு முழுக்க நன்றாகத்தான் எரிந்தது, காலையில் சார்ஜர் பற்றரியை எடுக்கவே மாட்டேன் என்கிறது.” இந்த முறைப்பாடு அடிக்கடி வரும். காவல் கொட்டிலிலோ கல்யாண வீட்டிலோ விடியும்வரை எரிய விட்டதாக இருக்கும். அளவுக்கு மீறி இறங்கிய பற்றரியைச் சார்ஜர் ஏற்காது. இன்னொரு பற்றரியிலிருந்து வயர் போட்டுத் தட்டி எழுப்பலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். மிகவும் இறங்கிய லிதியம் செல்லுக்குள் செப்புத் தகடு கரைந்து, சார்ஜ் ஏறும்போது வேறிடத்தில் படியும். அது உள்ளேயே குறுக்குத் தொடுப்பாக மாறலாம். எழும்பிய பற்றரி ஒரு கிழமை நன்றாக வேலை செய்துவிட்டு, ஆள் தூங்கும்போது சார்ஜரில் தீப்பிடிக்கலாம்.

12. வேலை முடிந்ததும்

லைட்டை அணைத்துவிட்டு அப்படியே பைக்குள் போடாதீர்கள். பற்றரியைக் கழற்றுங்கள். அணைத்த நிலையிலும் சில லைட்டுகள் மிகச் சிறிதளவு மின்சாரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். இரண்டு மாதம் அப்படியே கிடந்தால் பற்றரி அளவுக்கு மீறி இறங்கிவிடலாம். பைக்குள் சுவிட்ச் அழுத்துப்பட்டு எரிவது இன்னொன்று.

கழற்றிய பற்றரிக்குப் பிளாஸ்டிக் மூடியைப் போடுங்கள். ஆணி, திருகாணி, சங்கிலி கிடக்கும் பைக்குள் வெறும் பற்றரியைப் போட்டால் ஏதாவது ஒரு இரும்பு இரண்டு தகடுகளையும் தொடும். மூடி தொலைந்துவிட்டால் தகடுகள் உள்ள பக்கத்துக்கு மின்காப்பு நாடா ஒட்டலாம்.

வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் விடாதீர்கள். கண்ணாடி மூடிய வாகனத்தின் உட்புறம் 50 பாகையைத் தாண்டும். மாரியில் வேலை குறைந்து நீண்ட நாள் வைப்பதென்றால் பாதி சார்ஜில், நான்கு காட்டி விளக்குகளில் இரண்டு எரியும் நிலையில், வீட்டுக்குள் குளிர்ச்சியான மூலையில் வையுங்கள். முழுதாக நிரப்பி வைத்தாலும் முழுதாக இறக்கி வைத்தாலும் செல் விரைவில் முதுமையடையும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை காட்டியைப் பார்த்து, ஒன்றுக்கு வந்திருந்தால் சிறிது ஏற்றுங்கள்.

உப்பிய, உடைந்த, தண்ணீருக்குள் விழுந்த பற்றரியைக் காய வைத்துச் சார்ஜ் ஏற்றிப் பார்ப்பது வேண்டாம். வீட்டுக்கு வெளியே, எரியக்கூடிய எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில், மணல் போட்ட வாளியில் வையுங்கள். குப்பையோடு சேர்த்துக் கொளுத்தக் கூடாது, புதைக்கவும் கூடாது. தகடுகளுக்கு நாடா ஒட்டி, இலத்திரனியல் கழிவு எடுப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.